சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகப் போவதா, பிராங்க்பர்ட்டில் இறங்கி ஏறுவதா?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குப் போக சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இரண்டு வழி. ஒன்று எங்கும் இறங்காத நேர் விமானம். பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இன்னொன்று பிராங்க்பர்ட் வழியாக. 23, 24 மணி நேரம் ஆகிவிடும். ஐந்து மணி நேரம் கூடுகிறதே, பெரிய சுற்றுவழி போல என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74ல். கூட்டினால் 178, ஏறக்குறைய அரைச் சுற்று. உலக உருண்டையில் ஒன்று முன்பக்கம் என்றால் மற்றது முதுகுப் பக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது: சுமார் 15,350 கி.மீ. பிராங்க்பர்ட் வழியில் 10,300, அப்புறம் 6,200, ஆக 16,500. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடுதல். பறக்க ஒன்றேகால் மணி நேரம். பிராங்க்பர்ட்டில் நிற்பது இரண்டு மணி நேரம் போல. மீதியில் பெரும்பங்கைத் தின்பது காற்று.

நேர் விமானம் போகும்போது பெரும்பாலும் துருவத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பசிபிக் மேலே, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் ஜெட் காற்றில் தொற்றிக்கொள்கிறது. தூரம் கூடும், நேரம் குறையும். பிராங்க்பர்ட் விமானமோ அட்லாண்டிக்கில் அதே மேற்குக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

சரி, டிக்கெட்? இங்கேதான் பலருக்கு விஷயம் முடிந்துவிடும். நேர் விமானமான ஏ350-900 யுஎல்ஆரில் (மிக நீண்ட தூரம் பறக்கும் ஏர்பஸ் ரகம்) கட்டணம் குறைந்த எகானமி வகுப்பே கிடையாது; அது வேண்டுமென்றால் பிராங்க்பர்ட் வழிதான். மொத்தம் 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எரிபொருளைச் சுமக்க ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். 2004ல் நியூயார்க்கை அடுத்த நியூவர்க் விமான நிலையத்துக்கு நான்கு எஞ்சின் ஏ340-500ல் தொடங்கிய நேர் சேவை, எரிபொருள் செலவு கட்டாமல் 2013ல் நின்றது. 2018ல் இரண்டு எஞ்சின் விமானம் வந்த பிறகுதான் திரும்பியது. ஜேஎஃப்கேவுக்கு 2020 நவம்பரில். பிரீமியம் எகானமியில் போவதாக இருந்தால் வால் பக்கத்துக் கடைசி மூன்று வரிசைகளைப் பாருங்கள். சன்னலோரம் ஒற்றை இருக்கை; பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் கழிவறைக்குப் போய் வரலாம்.

பிராங்க்பர்ட்டில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து ஏற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது தண்டனைதான். முட்டி வலிக்காரர்களுக்கோ அந்த நடையே மருந்து.

திரும்பி வரும்போது கதை மாறுகிறது. அட்லாண்டிக் காற்று இப்போது முதுகில் தள்ளுகிறது. பிராங்க்பர்ட் வழி 22 மணி நேரத்துக்குள் வந்துவிடும். நேர் விமானத்துக்கு அதே பதினெட்டரை, பத்தொன்பதுதான். மூன்று மணி நேரத்துக்காக அவ்வளவு காசு கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனம் வராது. போகும்போது நேர் விமானம், வரும்போது பிராங்க்பர்ட்டில் ஒரு காபி.