தனுஷ்கோடி போன அம்மாவுக்கு இலங்கை ரோமிங் பில்லு: ஒரு போஸ்ட்பெய்டு சர்வீஸ் ரிவ்யூ

ஃபேமிலி போஸ்ட்பெய்டு எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்கு இது யூஸ் ஆகும். கம்பெனி பேரு போடல, அது முக்கியமும் இல்ல. பிளானைப் பத்தி எனக்கு பெரிய குறையே கிடையாது, வீட்ல நாலு நம்பருக்கும் சேத்து ஒரே பில், திருச்சியில சிக்னல் நல்லாவே கிடைக்கும், ஸ்பீடும் ஓகே. மாசம் 1,350 ரூபா கிட்ட வரும், ஆட்டோ பேல போயிரும், யாரும் அதைத் திரும்பிக் கூட பாக்கறதில்ல. பில்லுல தப்பு வந்தா இவங்ககிட்ட என்ன பாடு படணும்ங்கறதுதான் இந்த ரிவ்யூ.

ஒரு நாள் பேங்க்ல இருந்து மெசேஜ், இந்த மாசம் போன் பில்லுக்கு 8,900 சொச்சம் எடுக்கப்போறோம்னு. ரிசர்வ் பேங்க் ரூல்படி ஆட்டோ பேல பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே சொல்லணும், வேண்டாம்னா நிறுத்திக்கலாம். ஆனா 15,000 ரூபாய்க்குள்ள இருந்தா ஓடிபி எதுவும் கேக்காது, பாட்டுக்கு போயிரும். அந்த மெசேஜ் மட்டும் இல்லேன்னா பணம் போய், அப்புறம் அதை திருப்பி வாங்க தொங்கிட்டு இருந்திருப்பேன். உடனே அந்த பேமெண்ட்ட கேன்சல் பண்ணிட்டு பில்ல திறந்து பாத்தா, அம்மா நம்பருக்கு நேரா "இன்டர்நேஷனல் ரோமிங் டேட்டா"ன்னு, அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்ல ஓடுன டேட்டாவுக்குன்னு 6,400 சொச்சம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆகமொத்தம் 7,500 தாண்டிருச்சு. அம்மா அந்த மாசம் போன ஒரே வெளியூரு ராமேஸ்வரம். 22 தீர்த்தமும் குளிச்சிட்டு மறுநாள் சாயங்காலம் எல்லாரோடயும் வேன்ல தனுஷ்கோடி போயிருக்காங்க, அவ்ளோதான்.

அந்தப் பக்கம் போனவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனையில இருந்து இலங்கைக் கரையில இருக்கற தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்ளதான், நடுவுல வெறும் கடல், மறைக்கறதுக்கு ஒரு மேடு கூட கிடையாது. ராமேஸ்வரம் பக்கம் ரேடியோல இலங்கை எஃப்எம் சாதாரணமா கேக்கும்ல, அந்த மாதிரிதான் அவங்க டவர் சிக்னலும் இந்தப் பக்கம் வந்து விழுது. நம்ம டவர் அந்த முனையில சோர்ந்து போகுது, போன் "ஆட்டோமேட்டிக்"ல இருந்தா எது பலமா கிடைக்குதோ அதப் புடிச்சிக்கும். வேற நாடா இருந்தா கடிகாரமாவது மாறிக் காட்டிக்குடுக்கும், இங்க இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்ங்கறதால அதுவும் தெரியாது. அம்மா போன் ஹேண்ட்பேக்குள்ள இருந்திருக்கு, கோயில்ல எடுத்த போட்டோ வீடியோ எல்லாம் பேக்கப் ஏறிட்டு இருந்திருக்கு, முடிஞ்சுது கதை.

சும்மா டவர் கிடைச்சா மட்டும் பில் வராது, நம்ம நம்பர்ல ரோமிங் திறந்திருக்கணும். அது எப்படி திறந்துச்சுன்னா, போன வருஷம் அக்கா பிரசவத்துக்கு அம்மா சிங்கப்பூர் போனாங்க, அப்ப இந்த கம்பெனி ஷோரூம்லயே ரோமிங் பேக் போட்டுக் குடுத்து செட்டிங்கும் அவங்களே மாத்திக் குடுத்தாங்க. பேக் முடிஞ்சுது, அம்மா திரும்பி வந்தாச்சு. ரோமிங்க மட்டும் அவங்க மூடவே இல்ல. பேக் முடிஞ்சா ரோமிங்கும் முடிஞ்சிரும்னுதான எல்லாரும் நினைப்போம்? அப்படி கிடையாதாம். பேக் இல்லாம ரோமிங் ஓடுனா எம்பிக்கு இவ்ளோன்னு சாதாரண ரேட்டு ஓடும், அந்த ரேட்டப் பாத்தா தலை சுத்திரும்.

இனி கஸ்டமர் கேர் கதைக்கு வரேன். ஆப்ல இருக்கற சாட் பாட் சுத்த வேஸ்ட். "பில் அதிகமா இருக்கு"ன்னு டைப் பண்ணா உங்க பில் தொகை இவ்ளோ, கட்ட இங்க அமுக்குங்கன்னு திருப்பித் திருப்பி அதையே சொல்லுது, மனுஷங்ககிட்ட பேசணும்னு எத்தனை விதமா எழுதினாலும் மறுபடி பேமெண்ட் லிங்க்தான் வருது. கட்டறதுக்கு ஆயிரம் வழி, கேள்வி கேக்க ஒரு வழி கூட ஆப்ல இல்ல. சாதாரண கஸ்டமர் கேர் நம்பர விட 198 பரவாயில்ல, கம்ப்ளைண்ட்டுக்குன்னே இருக்கற நம்பர் அது, காசும் கிடையாது. ஆனா எடுத்ததும் டாக்கெட் நம்பர், அதாவது கம்ப்ளைண்ட் பதிவு நம்பர் குடுங்கன்னு கேளுங்க. குடுத்தே ஆகணும், டெலிகாம் கம்பெனிகளுக்கு ரூல் போடற டிராய் அமைப்போட ரூல் அது. நானா கேக்கற வரைக்கும் அந்தப் பொண்ணு "நோட் பண்ணிக்கிட்டேன் சார்"னு மட்டும்தான் சொல்லிட்டு இருந்துச்சு. நோட் பண்ணிக்கிட்டேன்னா கம்ப்ளைண்ட் பதிவாகலைன்னு அர்த்தம்.

அந்தப் பொண்ண குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அது ஸ்கிரீன்ல இருக்கறதைத்தான் படிக்குது. "அம்மா இலங்கை போயிருந்தாங்களா சார்?" இல்லம்மா, ராமேஸ்வரம். "சிஸ்டம்ல இலங்கைன்னு காட்டுது சார்." காட்டும்மா, அதுதான் கம்ப்ளைண்டே. "அப்ப போகலேங்கறதுக்கு பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்க சார்." போகாத ஊருக்கு பாஸ்போர்ட்! கொஞ்ச நாள்ல பதில் மெசேஜ் வந்துச்சு, யூசேஜ் உண்மைதான், வெளிநாட்டு நெட்வொர்க்ல சேர்ந்ததும் நாங்க வெல்கம் எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கோம், டேட்டா ரோமிங் உங்க போன்ல ஆன்ல இருந்துச்சு, கம்ப்ளைண்ட் க்ளோஸ்டு. வெல்கம் எஸ்எம்எஸ் வந்தது வாஸ்தவம்தான், அம்மா போன்ல இன்னும் இருக்கு, இங்கிலீஷ்ல, ஏகப்பட்ட விளம்பர மெசேஜுக்கு நடுவுல. அறுபத்தஞ்சு வயசு அம்மா கடற்கரையில நின்னு அதைப் படிச்சு டேட்டாவ ஆஃப் பண்ணியிருக்கணுமாம்.

ஷோரூமுக்கும் போனேன். சிம் விக்கறதுக்குத்தான் அங்க ஆளு, பில்லப் பத்திக் கேட்டா நம்மகிட்டயே அந்த 198-ஐ குடுக்கறாங்க. ஷோரூமப் பத்தி இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல.

எனக்கு உண்மையில கைகுடுத்தது ஐட்டமைஸ்டு பில். மெயில்ல வர்ற ரெண்டு பக்க பில்ல வச்சு சண்டை போட முடியாது, ஒவ்வொரு காலும் ஒவ்வொரு டேட்டா செஷனும் எத்தனை மணிக்குன்னு இருக்கற முழு பில்ல டவுன்லோடு பண்ணுங்க. ரோமிங்னா எந்த நாட்டு நெட்வொர்க்குங்கறதும் அதுல இருக்கும். (ரோமிங் கணக்கு அந்த நாட்டு கம்பெனி இவங்களுக்கு அனுப்பி, அதுக்கப்புறம் நம்ம பில்லுல ஏறுது, அதனால சில சமயம் அடுத்த மாச பில்லுல கூட வரும், இந்த மாசம் இல்லைன்னு நிம்மதியா இருந்துராதீங்க.) அதுல என்ன இருந்துச்சுன்னா, அம்மா வேன்ல போறப்ப எனக்கு பேசுன கால் நம்ம நெட்வொர்க்ல லோக்கலா இருக்கு, திரும்பி வர்ற வழியில அக்காவுக்கு பேசுனதும் நம்ம நெட்வொர்க்லயே இருக்கு, நடுவுல முக்கால் மணி நேரம் மட்டும் இலங்கை. முக்கால் மணி நேரத்துல கடலத் தாண்டிப் போய் இமிக்ரேஷன் முடிச்சு திரும்பி வர அம்மா என்ன அனுமாரா? இவங்க பில்லே இவங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது, அதை வச்சுக்கிட்டு என்கிட்ட பாஸ்போர்ட் கேக்கறாங்க.

அப்பீல் போனேன். இப்படி ஒண்ணு இருக்குன்னே நிறைய பேருக்குத் தெரியாது, கம்பெனிக்காரங்களும் தானா சொல்ல மாட்டாங்க. டிராய் 2012-ல போட்ட ரெகுலேஷன்படி ஒவ்வொரு டெலிகாம் கம்பெனியும் அப்பெல்லேட் அத்தாரிட்டின்னு ஒருத்தர வச்சிருக்கணும், கம்ப்ளைண்ட்டுக்கு குடுத்த பதில் திருப்தி இல்லேன்னா 30 நாளைக்குள்ள அவருக்கு அப்பீல் பண்ணலாம், ஃபீஸ் கிடையாது, 39 நாளைக்குள்ள அவர் முடிவு சொல்லணும். நடுவுல ரெண்டு பேர் கொண்ட ஒரு அட்வைசரி கமிட்டி பாக்கும், ஒருத்தர் கம்பெனி ஆளு, இன்னொருத்தர் நுகர்வோர் அமைப்பு ஆளு. இமெயில் முகவரி வெப்சைட்டோட அடியில, கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல "கன்ஸ்யூமர் சார்ட்டர்"னு இருக்கற பிடிஎஃப்ல ஒளிஞ்சிருக்கும். டிராய்க்கு நேரா எழுதலாமேன்னு கேப்பீங்க, தனி ஆளு கம்ப்ளைண்ட்ட அவங்க விசாரிக்கறதில்ல, கம்பெனிக்கே திருப்பி அனுப்பி விட்டுருவாங்க.

மெயில்ல நீளமா புலம்பல. டாக்கெட் நம்பர், ரெண்டு லோக்கல் காலும் நடுவுல இருக்கற ரோமிங் செஷனும் வர்ற பக்கத்த மார்க் பண்ணி ஒரு காப்பி, ராமேஸ்வரம் லாட்ஜ் ரசீது, சிங்கப்பூர் பேக் முடிஞ்ச தேதி, அதுக்கப்புறமும் ரோமிங்க திறந்து வைக்க நாங்க எப்ப எழுதிக் குடுத்தோம்னு ஒரு கேள்வி. கடைசியா ஒரு வரி, தீர்வு வரலேன்னா நுகர்வோர் ஆணையம் போவேன்னு. முன்னெல்லாம் 2009-ல வந்த ஒரு தீர்ப்பக் காட்டி டெலிகாம் கேஸ் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வராதுன்னு தப்பிச்சிட்டு இருந்தாங்க, 2022 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் வரும்னு தெளிவா சொல்லிருச்சு. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். அதுக்கு முன்னாடி 1915 நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்லயும் ஒரு கம்ப்ளைண்ட் போட்டு வச்சேன்.

இதுக்கு நடுவுல செஞ்ச இன்னொரு விஷயம், ஆப்ல "வேற தொகை"ன்னு இருக்கற இடத்துல வழக்கமான 1,350-ஐ மட்டும் கட்டிட்டேன். சண்டையில இருக்கற தொகைய மட்டும் நிறுத்தி வைங்க, மொத்த பில்லையும் நிறுத்துனா லைன கட் பண்ண அவங்களே ஒரு காரணம் கிடைச்சிருச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. அப்படியும் கலெக்‌ஷன் ஆளுங்க விடல, தினம் ஒரு கால். ஒருத்தர் பேங்க் லோன் குடுக்கறப்ப பாக்கற சிபில் ஸ்கோர் போயிரும் சார்னு பயமுறுத்துனாரு. டாக்கெட் நம்பரும் அப்பீல் நம்பரும் சொல்லி, எழுத்துல அனுப்புங்கன்னதும் வச்சிட்டாரு.

அப்பீல் போட்ட பிறகுதான் கம்பெனிக்கு தமிழ்ல பேசற, விஷயம் தெரிஞ்ச ஒரு ஆளு இருக்காருங்கறதே தெரிஞ்சுது. முதல்ல "குட்வில்லா பாதி குறைக்கிறோம் சார்"னாரு. குட்வில்லு எதுக்கு, அம்மா நாட்டுக்குள்ளதான் இருந்தாங்கன்னு உங்க பில்லே சொல்லுதே, எழுத்துல முடிவ குடுங்கன்னேன். டைமுக்குள்ள பதில் வந்துச்சு, முழு தொகையும் ஜிஎஸ்டியோட சேத்து அடுத்த பில்லுல கிரெடிட் ஆச்சு. தப்பு எங்க மேலன்னு ஒரு வார்த்தை இல்ல, "ஸ்பெஷல் கேஸா கருதி"யாம். சரி, பணம் வந்துச்சு.

தனுஷ்கோடி பக்கம் போறவங்க போன் செட்டிங்ல நெட்வொர்க் செலக்‌ஷன ஆட்டோமேட்டிக்ல இருந்து எடுத்து நம்ம கம்பெனிய கையால செலக்ட் பண்ணிக்கோங்க, டேட்டா ரோமிங் ஆஃப், அதோட கம்பெனிகிட்ட சொல்லி ரோமிங்கையே மூடச் சொல்லி மெசேஜ் வாங்கி வச்சிக்கோங்க. வீட்ல பெரியவங்க யாருக்காவது டேட்டாவே தேவையில்லேன்னா 1925-க்கு ஸ்டாப்னு இங்கிலீஷ்ல அனுப்புனா டேட்டா மொத்தமா நின்னுரும். ப்ரீபெய்டுக்காரங்களுக்கு இந்த அளவுக்கு பயம் இல்ல, பேலன்ஸ் தீந்தா அதுவே நின்னுரும்.

நெட்வொர்க்குக்கு நாலு ஸ்டார், ஆப்புக்கு ஒண்ணு, 198-க்கு ரெண்டு, அப்பீலுக்கு மட்டும் நாலு. ஆனா மூணு அடுக்கு தாண்டி அப்பீல் வரைக்கும் எத்தனை பேர் போவாங்க, முக்காவாசி பேரு பாதி குறைச்சா போதும்னு கட்டிட்டு விட்டுருவாங்க. சண்டை நடக்கறப்பவே வேற கம்பெனிக்கு மாறிரலாம்னு பாத்தேன், போஸ்ட்பெய்டுல பாக்கி இருந்தா, நம்பர மாத்தாம கம்பெனி மாறத் தேவையான போர்ட்டிங் கோடே வராது. இப்ப பாக்கி இல்ல, 1900-க்கு மெசேஜ் போட்டு கோடு வாங்கியாச்சு, முதல்ல அம்மா நம்பர ப்ரீபெய்டுக்கு மாத்தறோம், மத்த மூணும் பில் சைக்கிள் முடிஞ்ச பிறகு.