ஒழுங்கை முடக்கில் குவிவாடி: சில மாரி கண்ட பிறகு

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் ஆளுயர மதில். முடக்கில் என்ன வருகிறது என்று சில்லை வெளியே நீட்டினால்தான் தெரியும். அந்த இடத்துக்கு 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குவிவாடி (நடு வெளியே புடைத்த ஆடி) நல்ல சாமான்தான், பார்த்து வாங்கினால்.

கடையில் விட்டத்தை மட்டும் சொல்வார்கள். பார்க்கவேண்டியது ஆடியின் புடைப்பு. நேரான சட்டமொன்றை நடுவில் தொடவைத்து, இரண்டு விளிம்புக்கும் ஒரே இடைவெளி வரப் பிடித்து அளவுங்கள். 2.2 சென்ரிமீற்றர் என்றால் வளைவாரை, அதாவது ஆடி எந்தக் கோளத்தின் துண்டோ அதன் ஆரை, ஏறக்குறைய 2 மீற்றர். 6 என்றால் வளைவாரை 78 சென்ரிமீற்றர்தான். விளிம்பில் செவ்வன் (ஆடியின் முகத்துக்குச் செங்குத்தான கோடு) எவ்வளவு சரிகிறதோ, தெறிகதிர் அதன் இருமடங்கு திரும்பும். அதனால் முதலாவது ஆடி ஏறக்குறைய 34 பாகையையும் மற்றது 90 பாகையையும் காட்டும். கூடக் காட்டுவதை வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் 20 மீற்றருக்கு அப்பால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் விம்பம் முதலாவதில் 7 சென்ரிமீற்றர், இரண்டாவதில் 3 கூட இல்லை. சின்னதாய்த் தெரிவதைத் தூரத்தில் நிற்பதாக நினைத்து வெளிக்கிடுபவர்கள் நிறைய. நேர் ஒழுங்கைக்குப் புடைப்புக் குறைந்ததே சரி. புடைத்தது படலை வாசலுக்கு, மெதுவாய் எடுக்கும் இடத்துக்கு.

பூட்டும்போது செங்கோண முடக்கென்றால் எதிர்மூலையில், இரு பக்கத்துக்கும் 45 பாகையில் நிற்கவேண்டும். உயரம் 2 மீற்றருக்கு மேல், முகம் கொஞ்சம் கீழே. ஒரு பாகை பிசகினால் கதிர் இரண்டு பாகை விலகும். 20 மீற்றரில் அது 70 சென்ரிமீற்றர். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிளாம்ப் பைப்பில் மெல்லச் சுழன்று, ஆடி பக்கத்து வீட்டு மாமரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கிளாம்பையும் பைப்பையும் சேர்த்துத் துளைத்து ஒரு போல்ற் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அக்ரிலிக் ஆடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் விளிம்பு றப்பருக்குள்ளால் போய் அலுமினியத்தைத் தின்னும். கறுப்புப் புள்ளி ஓரத்தில்தான் தொடங்கும். புதிதாக இருக்கும்போதே விளிம்பைச் சுற்றிச் சிலிக்கன் அடியுங்கள். வினாகிரி மணக்கிற வகை வேண்டாம், அதன் அமிலமே பூச்சைக் கெடுக்கும்.

செம்மண் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றி, பிறகு சவர்க்கார நீரும் பருத்தித் துணியும். தின்னர், பெற்றோல் கிட்டவும் கூடாது, அக்ரிலிக் நுண்வெடிப்பு விடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் படியும். ஈரத்தோடு ஒற்றி எடுங்கள், அல்லது மழைத்தண்ணீர் பாவியுங்கள்.

மாசிப் பனியில் காலை ஏழு மணிவரை ஆடி பூத்துப்போய் ஒன்றும் தெரியாது. மேலே தொப்பிபோல மறைப்பு வைத்த ஆடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்தில் ஹோர்ன்தான்.