பன்னேர்கட்டா சஃபாரி: கரடிக்காகவே ஒரு தடவை போய் வாருங்கள்

ஓசூரில் இருப்பவர்கள் விலங்கு பார்க்க மைசூர் வரை அலைய வேண்டாம். அத்திப்பள்ளி, ஆனேக்கல், ஜிகணி வழியாகப் போனால் பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா விலங்குப் பூங்கா வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் போன மாதம்தான் முதல்முறையாகப் போனோம். நான், ஏழாவது படிக்கும் என் மகன், என் அம்மா மூன்று பேரும்.

சொந்தக் காரை உள்ளே விடமாட்டார்கள். ஜன்னலில் கம்பிவலை அடித்த அவர்களுடைய பஸ், இல்லாவிட்டால் ஜீப். வயசானவர்களோடு போனால் பஸ்ஸே நல்லது. உயரமான சீட், புதரைத் தாண்டியும் கண்ணுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாங்கள் ஆன்லைனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலையில் போனதால் ஜன்னலோரம் கிடைத்தது.

புள்ளிமான், கடமான், காட்டுமாடு எல்லாம் முதலிலேயே வந்துவிட்டன. அதற்கப்புறம் இரண்டு கேட். முதல் கேட்டுக்குள் பஸ் நுழைந்ததும் பின்னால் பூட்டிவிடுகிறார்கள். பிறகுதான் முன்னால் இருப்பது திறக்கிறது. அந்த ஒரு நிமிஷம் பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

திறந்ததும் கரடி. பாதையோரம் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு, என் சுண்டுவிரலைவிட நீளமான நகங்கள். குழியில் வாயை வைத்து உறிஞ்சியபோது சூடான காபியை ஆற்றாமல் குடிக்கிற மாதிரி சத்தம். கரடிக்கு மேல் வரிசையில் நடுவில் இரண்டு பல் கிடையாது; அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை இழுக்கிறது என்று மகனுக்குச் சொன்னேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூக்கப் பாரு, கயிறு இல்ல" என்றார்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவுக்குக் கரடி வரும். மூக்கில் துளை போட்டுக் கயிறு கோத்திருக்கும். டமரு அடித்தால் பின்னங்காலில் நின்று ஆடும். எனக்குக் காய்ச்சல் வந்து பயந்து அலறியபோது, அந்தக் கரடியின் முடியை வாங்கித் தாயத்தில் அடைத்து அம்மாதான் கட்டிவிட்டார். சூட்டுக்கோலால் மூக்கைத் துளைப்பார்கள், பல்லை உடைப்பார்கள் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் கரடியாட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ் அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து அந்தக் கரடிகளை ஒவ்வொன்றாக மீட்டு, ஆட்டி வைத்தவர்களுக்கும் வேறு பிழைப்புக்கு வழி செய்தார்கள். 2009-ல் கடைசிக் கரடியும் வந்து சேர்ந்தது. அந்த மீட்பு மையங்களில் ஒன்று இதே பூங்காவில்தான் இருக்கிறது. கயிறு ஏறாத கரடி மூக்கை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. தழும்புகூட இல்லை, ஈரமாகப் பளபளத்தது.

சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. புலி குளத்துத் தண்ணீரில் கழுத்துவரை இறங்கிக் கிடந்தது, அழகுதான். ஆனால் பின்சீட்டில் இருந்த ஒரு குடும்பம் புலி தலை தூக்க வேண்டும் என்று வலையைத் தட்டித் தட்டிக் கத்தியது. டிரைவர் "கூகபேடி" (கத்தாதீர்கள்) என்று கன்னடத்தில் இரண்டு தரம் சொல்லியும் அவர்கள் நிறுத்தவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து திட்டினேன். தயவுசெய்து குழந்தைகளிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்: அது அதன் வீடு, நாம் சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும்.

போட்டோ எடுக்க நினைப்பவர்கள் செல்போனின் லென்ஸை வலையின் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் கம்பிதான் விழும். பிளாஸ்டிக் பை, பாட்டில் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் எடுத்துப்போன புளிசாதத்தைத் திரும்புகிற வழியில் ஆனேக்கல் தாண்டி ஒரு மரத்தடியில் சாப்பிட்டோம். சிறுத்தைகளுக்கென்று தனி சஃபாரி 2024-ல் தொடங்கியிருக்கிறார்கள், பட்டாம்பூச்சிப் பூங்காவும் உண்டு. இரண்டையும் பார்க்க நேரம் போதவில்லை. மகனின் அரைப்பரீட்சை லீவில் முதல் பஸ்ஸுக்கே போய் நிற்பதாக இருக்கிறோம். அம்மா இப்போதே ஜன்னல் சீட் கேட்டு வைத்திருக்கிறார், கரடி வந்த பக்கம்.