வெல்டிங் வைக்கச் சொன்னதும் அவர்தான், வெல்டிங் வைத்ததால் பணம் தர முடியாது என்பதும் அவர்தான்

புகைக்குழாய் விற்றவரிடமிருந்து நேற்று மாலைதான் கடைசிப் பதில் வந்தது. ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டர்போ டீசல் டிரக்கின் புகைக்குழாயை மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். எனக்குப் போனது இரண்டு மாதச் சம்பளம்.

வண்டியில் இருந்தது 3 அங்குலக் குழாய். டர்போ என்பது புகையால் சுழலும் டர்பைனைக் கொண்டு எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அதைத் தாண்டியபின் புகைக்குத் தடை குறைந்தால் டர்பைன் சீக்கிரம் வேகமெடுக்கும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது புகையின் வெப்பமும் தணியும். அதற்காக 4 அங்குல செட் தேடினேன். உதிரிப் பாகங்களுக்கென்றே உள்ள ஓர் இணையச் சந்தையில் ஒருவர் கிடைத்தார். "டிபிஎஃப்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள் அண்ணா, சட்டச் சிக்கல் வரும். முன்னும் பின்னும் உள்ள குழாயை மாற்றினால் போதும்" என்றார். (டிபிஎஃப் என்பது புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி.) விற்க வந்தவரே ஒன்றை வேண்டாம் என்று தடுத்தால் நம்பாமல் என்ன செய்வது? அந்த ஒரு பேச்சுக்குத்தான் இரண்டு மாதச் சம்பளத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டியைப் பிரித்தால், டர்போவுக்கும் டிபிஎஃப்புக்கும் நடுவில் வரும் குழாயில் வெப்ப சென்சாரைத் திருகும் இடமே இல்லை. அந்த சென்சார் இல்லாமல் டிபிஎஃப் தன் கரியை எரித்துக்கொள்ளாது. தொலைபேசியில் கேட்டேன். "சின்ன விஷயம் அண்ணா, துளை போட்டு ஒரு மரையை வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள்." வைத்தேன்.

மூன்றாவது வாரமே குழாயில் துரு. வெல்டிங் பக்கத்தில் அல்ல, அதற்கு வெகு தூரத்தில். விளம்பரத்தில் 304 ஸ்டெயின்லெஸ், அதாவது எளிதில் துருப்பிடிக்காத எஃகு வகை, என்று போட்டிருந்தது. காந்தத்தை வைத்தேன், அட்டையாக ஒட்டிக்கொண்டது. 304 என்றால் வளைவில் லேசாக இழுக்கலாம், நேர்க்குழாயில் இப்படிப் பிடிக்காது. குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்ச் சரியாக உட்காராமல் சுற்றிலும் கரி கசிந்திருந்தது. கழற்றி வளைவை அளந்தேன். நசுங்கிப்போய் 3 அங்குலம்கூட இல்லை! பழைய குழாயே இதைவிட அகலம்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. படம் கேட்டார்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். பொருத்தியவரின் தவறு என்றார்கள். கடைசியாக, "வாடிக்கையாளர் அவர்களே, பொருளில் வெல்டிங் செய்யப்பட்டுள்ளதால் திரும்பப் பெற இயலாது." பணம் கட்டும்வரை அண்ணா, இப்போது வாடிக்கையாளர் அவர்கள். சந்தைக்காரர்களிடம் முறையிட்டால், தொலைபேசிப் பேச்சுக்கு ஆதாரம் உண்டா என்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு இதுதான் மரியாதை.

விரிவாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பெட்டி வந்த அன்றே காந்தம் வைத்துப் பாருங்கள். வளைவுகளை அளந்து பாருங்கள். சென்சார் இடங்களைப் பழைய குழாயோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். விற்பவர் எதைச் செய்யச் சொன்னாலும் எழுத்தில் வாங்காமல் குழாயில் கை வைக்காதீர்கள்.

பழைய குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். இனி அதையும் எங்காவது தேடி வாங்க வேண்டும்.