பிரெஸ்ட் கேன்சர் நவ் ஆய்வு நிதி: விண்ணப்பித்தவளின் மதிப்புரை

பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு அறக்கட்டளை நிதி கேட்பவர்கள் முதலில் தட்டும் கதவுகளில் ஒன்று பிரெஸ்ட் கேன்சர் நவ். நான் இங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள், அவர்களிடம் விண்ணப்பித்தவள். புதிதாக எழுதப் போகும் தமிழ் ஆய்வாளர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2015-இல் இரண்டு பழைய அறக்கட்டளைகள் சேர்ந்து உருவான அமைப்பு இது. 2019-இல் நோயாளிகளுக்குத் துணை நிற்கும் பிரெஸ்ட் கேன்சர் கேர் அமைப்பும் இதோடு இணைந்தது. அதனால் ஆய்வுக்குப் பணம் தருகிறவர்களும், சிகிச்சையில் இருக்கும் பெண்களிடம் தினமும் பேசுகிறவர்களும் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் இது நன்றாகவே தெரிகிறது.

அறிவியல் பகுதி மற்ற இடங்களைப் போலத்தான்: திட்டம், முறை, புள்ளிவிவரம், செலவு, வெளி நிபுணர்களின் மதிப்பீடு, அப்புறம் குழுவின் முடிவு. வித்தியாசம் எளிய சுருக்கத்தில் இருக்கிறது. அறிவியல் படிக்காத ஒருவருக்கும் புரியும்படி அதை எழுத வேண்டும். இந்த நோயைத் தாண்டி வந்தவர்கள் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். பல ஆய்வாளர்கள் இதைக் கடைசி நாள் இரவில் எழுதும் சடங்காக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் முழு விண்ணப்பத்திலும் மிகவும் பயனுள்ள பக்கம் இதுதான்.

என் திட்டம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுநோய், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளரும் வகை பற்றியது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் டாமாக்சிஃபென் போன்ற மாத்திரையை ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும், பத்து, இருபது வருடம் கழித்துக்கூட இது திரும்பி வரலாம். அப்படித் திரும்புவதை ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவை வைத்து முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பது என் கேள்வி. அதற்குப் பல தடவை ரத்தம் எடுக்க வேண்டும்.

எழுதும்போதே சுருக்கத்தை எங்கள் ஊர் நோயாளிக் குழுவில் காட்டினேன். அறுவை சிகிச்சையில் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்ட ஒரு அம்மா சொன்னார்: "எனக்கு ஊசி எல்லாம் ஒரு கையில்தான். கீமோவுக்கு அப்புறம் அந்தக் கையிலும் நரம்பு கிடைப்பதில்லை. உங்களுக்கு வேண்டிய ரத்தத்தை வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கும்போதே சேர்த்து எடுக்க முடியாதா?" கை வீங்கிவிடும் என்ற பயத்தில், முடிச்சுகளை எடுத்த பக்கம் ஊசியைத் தவிர்ப்பது இங்கே பரவலான வழக்கம். திட்டத்தின் நாட்காட்டியையே அவர் சொன்னபடி மாற்றி அமைத்தேன். இனி எந்தப் பெண்ணும் என் ஆய்வுக்காக மட்டும் தனியாக ஒரு ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. பாதியில் விலகுகிறவர்களும் குறைவார்கள் என்பதால், அறிவியலுக்கும் இது நல்லதுதான்.

இந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணு பழுதான புற்றுச் செல்களை, அதே பழுதுபார்ப்பில் உதவும் பார்ப் என்ற நொதியை முடக்கும் மருந்துகள் (பார்ப் தடுப்பு மருந்துகள்) குறிவைத்துக் கொல்லும் என்று 2005-இல் இரண்டு குழுக்கள் காட்டின. ஒன்று ஷெஃபீல்டில். மற்றது லண்டனில், பிரெஸ்ட் கேன்சர் நவ்வின் தாய் அமைப்புகளில் ஒன்றான பிரேக்த்ரூவின் பணத்தில் நடந்த மையத்தில், ஆலன் ஆஷ்வொர்த் தலைமையில். இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் ஓலாபரிப் என்ற பார்ப் தடுப்பு மாத்திரைக்கு அடித்தளம் அந்த வேலைதான்.

சிரமம் எங்கே என்றால், பணக்கணக்கில். பிரிட்டனில் அறக்கட்டளைகள் பொதுவாக ஆய்வின் நேரடிச் செலவை மட்டுமே தருகின்றன: ஆள் சம்பளம், ரசாயனங்கள், சில கருவிகள். கட்டட வாடகை, மின்சாரம், நிர்வாகம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் தலையில். அரசின் ஆய்வு மன்றங்கள் பொதுவாக முழுச் செலவில் 80 சதவீதம் தருவதால், நிதி அலுவலகங்களுக்கு அறக்கட்டளை விண்ணப்பம் என்றாலே முகம் சுருங்குகிறது. நான் வேலை செய்த ஒரு இடத்தில் இதற்கான கையெழுத்து வாங்குவது ஆய்வுத் திட்டம் எழுதியதைவிடக் கடினமாக இருந்தது. நன்கொடையாளர் உண்டியலில் போட்ட காசு நேராக ஆய்வுக்கே போகவேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது, அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் சின்னப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் இளம் ஆய்வாளருக்கு இது உண்மையான தடை.

ஆகவே நிதி அலுவலகத்தோடு முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். சுருக்கத்தை முதலில் எழுதி, சிகிச்சை முடித்த யாரிடமாவது கொடுத்து, அவர் கேட்கும் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை எழுதுங்கள்.