தினம் 300 சொல்லா, ஞாயிறு முழுநாளா?

பேச்சிப்பாறை அணைப் பாசனம் பற்றிய என் ஆய்வேட்டை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஞாயிறு முறை. நாகர்கோவில் வீட்டு மாடியறையில் காலையிலேயே கதவைச் சாத்திக்கொள்வேன். எட்டு மணி நேரம் என்பது கணக்கு, கிடைப்பது மூன்று. போன வாரம் எங்கே விட்டேன் என்று தேடுவதிலேயே முற்பகல் போய்விடும். ஒரு ஞாயிறு கல்யாண வீட்டுக்குப் போனால் (ஆவணியில் எந்த ஞாயிறு கல்யாணம் இல்லை?) இரண்டு வார இடைவெளி, பிறகு கோப்பைத் திறக்கவே பயம். ஆனாலும் 1906-இல் முடிந்த அணையின் பழைய ஆவணங்களை வரிசைப்படுத்த, அட்டவணை போட, நீண்ட நேரம்தான் ஒத்துவரும்.

தினம் 300 சொல் என்பது பார்க்க அற்பம். ஐந்தரைக்குக் கட்டன்சாயாவோடு உட்கார்ந்தால் ஏழுக்குள் முடிகிறது. மோசமான சொற்களும் கணக்கில் சேரும். மாதம் 25 நாள் எழுதினாலே 7,500 சொல், ஏறக்குறைய ஓர் இயல். கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே பாதியில் விட்டு எழுந்துவிடுவேன். மறுநாள் அதை முடிக்கும் ஆசையே என்னை மேசைக்கு இழுத்துவரும். நெறியாளர் கேட்டால் காட்டவும் ஏதாவது இருக்கிறது.

நான் தினசரிக்கு மாறிவிட்டேன். ஞாயிறு இப்போது அட்டவணைக்கும் மீன்குழம்புக்கும்.