உரையாடல் செயலிக்கு நினைவகம் அமைத்த பின்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளுக்கு இயல்பில் நினைவு என்று ஒன்று கிடையாது. நாம் அனுப்பும் கேள்வியும், அதே உரையாடலில் அதற்கு முன் நடந்த பேச்சும் மட்டுமே, பதிலை உருவாக்கும் மொழி மாதிரியின் (அதாவது செயலிக்குப் பின்னால் இயங்கும் நிரலின்) பார்வைக்குப் போகின்றன. இப்போது ‘நினைவகம்’ என்று தரப்படும் வசதி, நம்மைப் பற்றிய குறிப்புகளைத் தனியே சேமித்து வைத்து, ஒவ்வொரு புதிய உரையாடலிலும் அவற்றில் வேண்டியவற்றை நம் கேள்வியோடு சேர்த்து அனுப்பும் ஏற்பாடுதான். ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் நிலையான அறிவுறுத்தல்களை எழுதிவைக்கும் பெட்டியை 2023 ஜூலையில் தந்தது. 2024 பிப்ரவரியில் நினைவகத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்களையும் கருத்தில் கொள்ளும்படி அதை விரிவாக்கியது. க்ளாட், ஜெமினி ஆகியவற்றிலும் இத்தகைய வசதி வந்துவிட்டது.

நான் மோட்டார் பம்புகளின் பயன்பாட்டுக் கையேடுகளைத் தமிழாக்கம் செய்பவன். ஒவ்வொரு நாளும் அதே விதிகளைச் செயலிக்கு மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்ததால்தான் இவ்வசதியை நாடினேன். என் அனுபவத்தில், ‘நல்ல தமிழில் எழுது’ என்பது போன்ற பொதுவான குறிப்பால் ஒரு பயனும் இல்லை. ‘வாசிப்பவர் விவசாயி; ஒரு வாக்கியத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்; புட்வால்வு, இம்பெல்லர், ஸ்டார்ட்டர் ஆகிய சொற்களை மாற்றாதே; குதிரைத்திறனை எச்.பி. என்றே விடு’ என்று திட்டவட்டமாக எழுதிவைத்த பிறகு, திருத்தும் வேலை கண்கூடாகக் குறைந்தது. ஆயினும் உரையாடல் மிக நீண்டுவிட்டால் இவ்விதிகள் நழுவத்தான் செய்கின்றன. ஆகவே ஒவ்வோர் அத்தியாயத்தையும் புதிய உரையாடலில் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நாமே சொல்லிச் சேமிக்கும் குறிப்புகள் ஒரு வகை. நம் பேச்சிலிருந்து செயலி தானாகப் பொறுக்கி எடுப்பவை மற்றொரு வகை. சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்காக உப்புக் குறைந்த சமையல் குறிப்பு ஒன்று கேட்டிருந்தேன். எனக்கே இரத்த அழுத்தம் இருப்பதாகச் செயலி முடிவு கட்டி, அதைச் சேமித்தும் வைத்துக்கொண்டது. சில மாதங்கள் கழித்து, நூறு பேர் உண்ணும் வளைகாப்பு விருந்தில் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு வேண்டும் என்று கேட்டபோது, பருப்புக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, என் உடல்நலத்தைக் கருதி உப்பைப் பாதியாக்கச் சொன்னது. (விருந்தினர் என்ன பாவம் செய்தார்கள்?) தவறான குறிப்பை விடவும், ஒரு காலத்தில் சரியாக இருந்து இப்போது பழையதாகிப் போன குறிப்பு இன்னும் தொல்லை தருகிறது; ஏனெனில் அது பொய் என்று சட்டென்று தோன்றுவதில்லை.

அழிப்பதிலும் கவனம் தேவை. சாட்ஜிபிடியில் ஓர் உரையாடலை அழித்தால், அதிலிருந்து சேமிக்கப்பட்ட குறிப்பு தானாக அழிவதில்லை. அமைப்புகளுக்குள் சென்று அதைத் தனியே நீக்க வேண்டும். வாடிக்கையாளரின் வெளிவராத ஆவணங்களுக்குத் தற்காலிக உரையாடலையே பயன்படுத்துகிறேன். அது நினைவகத்தில் எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் பாதுகாப்புக் காரணங்களுக்காக அதன் நகல் 30 நாள் வரை நிறுவனத்திடம் இருக்கக்கூடும் என்பதால், இரகசிய ஒப்பந்தம் உள்ள கோப்புகளை அதிலும் இடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. வலைப்பக்கத்திலோ ஆவணத்திலோ மறைத்து எழுதப்பட்ட கட்டளைகள் மூலம் சாட்ஜிபிடியின் நினைவகத்தில் பொய்க் குறிப்புகளைப் புகுத்த முடியும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோஹன் ரேபெர்கர் 2024இல் செய்து காட்டினார். பிறர் அனுப்பிய கோப்பைச் சுருக்கச் சொல்லும்போது ‘நினைவகம் புதுப்பிக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு தென்பட்டால், என்ன சேர்ந்தது என்று அப்போதே திறந்து பார்த்துவிடுகிறேன்.

இப்போது தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவிட்டு, நானே எழுதிய சில வரிகளை மட்டும் வைத்திருக்கிறேன். அவற்றின் நகல் ஒன்று சாதாரண உரைக்கோப்பாக என் கணினியில் இருக்கிறது. வேறொரு செயலியை முயன்று பார்த்தபோது அக்கோப்பை அப்படியே ஒட்டினேன். ஏறக்குறைய அதே தரத்தில் மொழிபெயர்ப்பு கிடைத்தது. எனவே நினைவகத்துக்காக மட்டும் மாதச் சந்தா கட்ட நினைப்பவர்கள், முதலில் இப்படி ஒரு கோப்பை எழுதி, இலவசக் கணக்கிலேயே சில வாரங்கள் பயன்படுத்திப் பார்க்கலாம்.